நூறத்தனையும் இரண்டு முட்டையும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் கணவர் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை, தொலைக்காட்சியில் பிரசங்கிக்கும் ஓர் ஊழியரின் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார். நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று நம்புகிறார். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை மூன்று மாதமாகக் கடன் சொல்லித்தான் வாங்குகிறோம். நிறுத்தச் சொன்னால் எனக்குப் பாவம் வருமா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: வராது, அம்மா. ஆனால் ‘கொடுக்காதீர்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்த மாதப் பங்கை மருந்துக் கடையில் கட்டுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். கொடுக்கிற கையைத் தட்டிவிட்டதாகவும் இருக்காது, கடனும் தீரும்.

நூறு மடங்கு என்பது வேதாகமத்தில் மாற்கு 10:30. வீட்டையும் நிலத்தையும் சுவிசேஷத்துக்காக விட்டுவந்தவர்களைப் பற்றிய பேச்சு அது. அதில் ‘துன்பங்களோடேகூட நூறத்தனையாக’ என்று இருக்கிறது. தொலைக்காட்சியில் ‘நூறத்தனை’ பலமுறை என் காதில் விழுந்திருக்கிறது, ‘துன்பங்களோடேகூட’ ஒருமுறையும் விழவில்லை. நான் வங்கியில் காசாளராக இருந்தவன். வைப்புத்தொகைக்கு வட்டியோடு துன்பமும் தருவோம் என்று போர்டு வைத்தால் யார் படியேறுவார்கள்?

உங்கள் கணவருக்கு மாற்கு ஏழாம் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டுங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கைகழுவியவர்களிடம் இயேசு கோபப்படும் இடம் அது. தசமபாகத்துக்கும், அதாவது அந்தப் பத்தில் ஒன்றுக்கும், மோசேயின் சட்டத்தில் ஒரு விவரம் உண்டு. உபாகமம் 14இன்படி மூன்றாம் வருடத்துப் பங்கை ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும். ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். உங்கள் மாமியார் விதவையா என்று நீங்கள் எழுதவில்லை. விதவை என்றால் உங்கள் வழக்கு இன்னும் பலமாகிறது.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் எங்கள் சபையில் கட்டட நிதிக்கு வாக்குறுதி கேட்டார்கள். தொகையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். எனக்கு முன் வரிசையில் இருந்தவர் இரண்டாயிரம் என்றார். நான் மூன்றாயிரம் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவ்வளவும். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஓர் அடகுக் கடைக்கு என் மனைவியின் தோடு போயிற்று. காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க அவள் வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுத்தானே உட்காருவார்கள், யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்துத் தோட்டை மீட்டுக் கொடுத்தபோது, குச்சியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, “இதையும் கட்டட நிதியில் வரவு வைத்துவிடுங்கள்” என்றாள். நன்கொடையாளர் பட்டியலில் இருப்பது என் பெயர்.

கொடுப்பதால் ஆத்துமாவுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஊரார் பணத்தை எண்ணிக் கட்டுப் போட்ட எனக்கு அதன்மேல் ஆசை வந்ததே இல்லை. மாதக் கடைசியில் என் பையில் மிஞ்சிய ஐம்பது ரூபாய்தான் என்னை ஆட்டிவைத்தது. தொட்டுத் தொட்டுப் பார்க்க வைத்தது, உதவி கேட்டு வருபவரைக் கண்டு எதிர்ச் சாரிக்கு மாற வைத்தது. அதிலிருந்து பத்து ரூபாயை எடுத்து ஒருவரிடம் கொடுத்த அன்று அதன் பிடி கொஞ்சம் விட்டது. திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுத்தால் பிடி விடாது, பணம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரி மல்லிகை எடுத்துக் கட்டி விற்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டும், மறுவாரமே சீந்த ஆள் இருக்காது. வாடிய பூவைக் குப்பையில் கொட்டிய நாட்களும் உண்டு. எனக்கு எது பத்தில் ஒன்று?
(வாசகர், மதுரை)

பதில்: முதலும் கூலியும் வண்டிச் சத்தமும் போக மிஞ்சியதுதான் உங்கள் வரவு. கொட்டிய பூவுக்குக் கடவுள் பங்கு கேட்கமாட்டார். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கட்டும் என்கிறார். உங்களைப் போன்றவர்களுக்கு மாதக் கணக்கைவிட வாரக் கணக்கு ஒத்துவரும்.

இன்னும் எளிய வழி நம் பெண்களிடம் இருந்தது. உலையில் போடும் முன் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். என் வீட்டில் அதற்குப் பழைய பால்பவுடர் டப்பா. நான்கு பேருக்குச் சமைத்தாலும் ஒரு பிடி, ஒருவருக்குச் சமைத்தாலும் ஒரு பிடி. பஞ்சத்தில் பிடி சிறுத்துவிடும், ஆனால் நின்றுபோகாது. மாதம் ஒருமுறை எல்லா டப்பாவும் ஆலயத்துக்கு வந்து ஒரே சாக்கில் விழும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். அதைச் சோறாக வடிக்க முடியாது. ஒன்று வேகும்போது இன்னொன்று குழைந்துவிடும், கஞ்சிக்குத்தான் ஆகும். எது யார் வீட்டு அரிசி என்று அதில் பிரித்துக் காட்ட ஒருவராலும் முடியாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

சிறுதொகை எதற்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், வைகையைக் கண்ணால் பார்க்காத சபையார் கடல் கடந்து அனுப்பிய காசில் நடந்தது. 1903இல் பாளையங்கோட்டையில் நம்மவர்களே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, அந்நியப் பணம் வேண்டாம், நம் காசும் நம் ஆட்களும் போதும் என்று தீர்மானித்தார்கள். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் வரை ஆள் அனுப்பினார்கள்.

கேள்வி: ஆலய வாசலில் கையேந்துபவர் குடிக்கத்தான் போகிறார் என்று தெரிந்தும் காசு போடலாமா?
(வாசகர், பழங்காநத்தம்)

பதில்: அவ்வளவு தெரிந்த உங்களுக்கு அவர் பெயரும் தெரிந்திருக்க வேண்டுமே. பெயர் சொல்லி அழைத்துப்போய் நான்கு இட்லி வாங்கிக் கொடுங்கள். நேரமில்லை என்றால் காசைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். என் ஓய்வூதியத்தை நான் எதற்குச் செலவழிக்கிறேன் என்று வங்கி என்னைக் கேட்பதில்லை.

கேள்வி: ஆலயத்து அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இது காணிக்கையா, கௌரவமா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: இரண்டும்தான். எனக்குத் தெரிந்து எந்த ஏலத்திலும் இவை தனித்தனியாக வந்ததில்லை. மேலே மூன்றாயிரம் சொன்ன மனிதன் பேசுகிறேன்.

நான் பொருளாளராக இருந்த ஒரு வருடம், சபையில் ஒரு பாட்டி இரண்டு நாட்டுக்கோழி முட்டைகளைத் தவிட்டில் பொதிந்து கொண்டுவந்தார். முதல் கேள்வி இருபது ரூபாய். ஒருவர் நூறுக்கு எடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, ‘மறுபடி ஏலம் விடுங்கள்’ என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் இருநூறு. அவரும் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆட்களுக்குள் போட்டி வந்துவிட்டது. மைக்கில் பெயர், கைதட்டல், மறுபடி பெயர். பதினோரு கை மாறியதும் மொத்தம் 3,150 ரூபாய்.

பாட்டி மேசைக்கு வந்தார். எவ்வளவு சேர்ந்தது என்று கேட்கப்போகிறார் என நினைத்து நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. ஒரு முட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். மெல்லிய கோடாக விரிசல் ஓடியிருந்தது.

“யாராவது அடைக்கு வைக்கட்டும் என்றுதானே ஐயா கொண்டுவந்தேன்? இப்படிப் போட்டு உருட்டினால் எப்படிப் பொரிக்கும்?”

பதினோராவதாக எடுத்தவரைத் தேடினேன், அவர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டிருந்தார். விரிசல் விடாத முட்டையைத் தவிட்டில் வைத்துப் பாட்டி வீட்டுக்கே கொண்டுபோனார்.