டொமைன் யார் பேரில் இருக்கிறது? மீதிப் பணம் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சிறு காபி விவசாயிகள் 280 பேர் சேர்ந்து ஒரு பெரிய சமூக வலைதளத்தில் குழு வைத்திருந்தோம். மழை அளவு, மிளகு விலை, காய்த்துளைப்பான் விழுந்த பழத்தின் படம் எல்லாம் அதில்தான். குழுவைத் தொடங்கியவரின் கணக்கு முடங்கியது, குழுவும் கையை விட்டுப் போய்விட்டது. புகாருக்குப் பதிலே இல்லை. சேலத்தில் ஒருவர், ‘யாராலும் முடக்க முடியாத உங்கள் சொந்த சோஷியல் மீடியா’ செய்து தருகிறேன், மாஸ்டடான், ஃபெடிவெர்ஸ் என்றெல்லாம் சொல்லி 1,40,000 ரூபாய் கேட்கிறார். 20,000 அட்வான்ஸ் கொடுத்தோம், டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) வாங்கிவிட்டார். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் தொழில்நுட்பம் உண்மையானது, நல்லதும்கூட. நீங்கள் அனுப்பிய கோட்டேஷனில் மூன்றாவது வரியைப் பாருங்கள்: ‘டொமைன், ஹோஸ்டிங் எங்கள் கணக்கில் பராமரிக்கப்படும்.’ அதாவது தளத்தின் முகவரியும் அது ஓடும் இடமும் அவர் கையில். இந்த ஒரு வரி இருக்கும்வரை அது உங்கள் சொந்தம் இல்லை. முன்பு எங்கோ இருந்த ஒரு கம்பெனி குழுவைப் பூட்டியது, இனிமேல் சேலத்தில் இருக்கும் ஒருவரால் பூட்ட முடியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கம்பெனி மெயிலிலிருந்து இன்னொரு கம்பெனி மெயிலுக்குக் கடிதம் போகிறது அல்லவா, அதே மாதிரி வெவ்வேறு ஆட்கள் நடத்தும் சர்வர்கள் (தளத்தை ஓட்டும் கம்ப்யூட்டர்கள்) ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான் ஃபெடிவெர்ஸ். அவை பேசிக்கொள்ளும் விதிமுறைக்குப் பெயர் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது. அதில் ஓடுவதில் பெயர் பெற்றது மாஸ்டடான், ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016-ல் வெளியிட்டது. இலவச மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம். உங்களுக்கு இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

இலவசம் என்றால் 1,40,000 எதற்கு? உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தவறே இல்லை. சர்வர் வாடகை, இந்த அளவுக் குழுவுக்கு மாதம் ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். ‘இன்’ என்று முடியும் சாதாரண டொமைன் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள். மீதி முழுக்க அவர் கூலி, அது எத்தனை வேலைக்கு என்று கோட்டேஷனில் எங்கும் இல்லை, ‘ஏஎம்சி’ (வருடப் பராமரிப்புக் கட்டணம்) என்று இரண்டாம் வருடத்துக்குத் தனியாக ஒரு தொகை மட்டும் இருக்கிறது. இந்த வியாபாரத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். இலவச மென்பொருளை இறக்கி, லோகோவை மாற்றி, ‘எங்கள் கம்பெனி உருவாக்கிய ஆப்’ என்று விற்கிறார்கள். ‘அதன் கோடு (மென்பொருளின் மூல நிரல்) எங்கே?’ என்று கேட்டால் ரகசியம் என்பார்கள். மாஸ்டடானின் உரிமத்தில் அப்படி ரகசியம் வைக்க இடமே இல்லை, மாற்றிய கோடைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘பிளாக்செயின்’, ‘டோக்கன்’ என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிலர் வெளி சர்வர்களோடு பேசும் வசதியையே அணைத்துவிட்டுத் தருவார்கள், பராமரிப்பு சுலபம் என்று. அப்புறம் அது ஃபெடிவெர்ஸே இல்லை, நான்கு சுவருக்குள் ஒரு இணையதளம்.

‘நம்ம ஊர் ஆப்’ என்ற பேச்சுக்கும் மயங்காதீர்கள். 2020-ல் ட்விட்டர் மாதிரி வந்த கூ ஆப் நம் நாட்டுத் தயாரிப்புதான், தமிழிலும் எழுதலாம், 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். எந்த ஊர்க் கம்பெனி என்பது இங்கே கணக்கே இல்லை, சாவி யாரிடம் என்பதுதான் கணக்கு.

இன்னொன்று, அவர் சொல்லாமல் விட்டது: மாஸ்டடான் ஆட்களைப் பின்தொடர்வதற்கானது. ஒருவர் படம் போட்டு ‘இது என்ன பூச்சி’ என்று கேட்க, இருபது பேர் கீழே பதில் சொல்ல, அடுத்த வருடம் அதைத் தேடி எடுக்க உங்களுக்குக் குழு வேண்டும். அதற்கு அதே ஃபெடிவெர்ஸில் லெம்மி என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம்தான். உங்கள் தேவைக்கு அது பொருந்தும்.

இப்போது டொமைன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ‘பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்’ என்ற பாதி உண்மையை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம், உங்களைப் பின்தொடர்கிறவர்கள் தானாகவே கூட வருவார்கள், சரி. ஆனால் எழுதிய பதிவுகள் வராது. ஒருமுறை மாறினால் 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. லெம்மியில் இப்படிப் பின்தொடர்கிறவர்களோடு இடம் பெயரும் வசதியே கிடையாது. மாஸ்டடானிலும் பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் மாற முடியும், ‘இவர் இடம் மாறிவிட்டார்’ என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்ல வேண்டியது அதுதான். டொமைன் போய்விட்டால் சொல்ல ஆள் இல்லை. 2024 பிப்ரவரியில் குயர் டாட் ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வருக்கு இது நடந்தது. ‘ஏஎஃப்’ ஆப்கானிஸ்தானின் டொமைன், தாலிபான் அரசு அதை ரத்து செய்ததும் சர்வர் அந்த முகவரியில் இல்லாமல் போனது. சர்வரை நடத்தியவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, முகவரி அடுத்தவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் அரசாங்கம் தலையிடக்கூட வேண்டாம், ஏஎம்சி தகராறில் உங்கள் ஆள் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். சர்வர் ஓட ஆரம்பித்தபின் டொமைனை மாற்றுவதும் முடியாத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவர் முகவரியும் அதோடு ஒட்டியது.

அதனால் டொமைன் உங்கள் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று திறந்த மெயிலில், ஓடிபி உங்கள் பொருளாளரின் போனுக்கு வருமாறு இருக்க வேண்டும். பேக்அப் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும்.

தனிச்செய்தி பற்றியும் எச்சரிக்கிறேன். மாஸ்டடானிலும் லெம்மியிலும் இருவர் பேசிக்கொள்வதை சர்வர் அட்மினால் படிக்க முடியும், வாட்ஸ்அப் மாதிரி பூட்டு கிடையாது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் படிப்பது வேறு, வியாபாரி யாருக்கு என்ன விலை சொன்னார் என்பதை உள்ளூர் ஆள் படிப்பது வேறு. வங்கி எண், ஆதார், பேர விலை எதையும் அதில் போடாதீர்கள்.

சட்டம்: 2021 ஐடி விதிகளின்படி, சர்வரை நடத்துகிறவர் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரைத் தளத்தில் போட வேண்டும். சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) சொல்ல வேண்டும் என்பது 2022 உத்தரவு. கோடிக்கணக்கான பேரை வைத்திருக்கும் கம்பெனிக்கும் இதே 6 மணி நேரம், பழம் பறிப்பு நேரத்தில் தோட்டத்தில் நிற்கும் உங்கள் செயலாளருக்கும் இதே 6 மணி நேரம். சின்னக் குழுக்களுக்கென்று எளிய தமிழில் ஒரு கையேடு போட்டிருந்தால் பாதி இடைத்தரகர்கள் இருக்கவே மாட்டார்கள், எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. உங்கள் கணக்கை முடக்கியவர்கள் ஒரு வரி பதில் எழுதாமல் இருக்க முடிகிறது, நீங்கள் மட்டும் எல்லாம் சரியாகச் செய்ய வேண்டும்.

ஆகவே, உடனே சொந்த சர்வர் வேண்டாம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஒரு லெம்மி சர்வரில் பத்துப் பேர் கணக்குத் திறந்து, குழு தொடங்கி, ஒரு பறிப்புக் காலம் முழுக்கப் பழகுங்கள். சர்வரின் ‘அறிமுகம்’ பக்கத்தில் யார் நடத்துகிறார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன என்று இருக்கும். இல்லாவிட்டால் அங்கே போகாதீர்கள். தன் பட்டியலில் சேரும் சர்வர்களிடம் மாஸ்டடான் திட்டம் கேட்கும் உறுதிமொழி நல்ல அளவுகோல்: தினம் பேக்அப், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி, மூடுவதானால் 3 மாதம் முன்பே அறிவிப்பு. லெம்மி சர்வரிடமும் இதையே கேளுங்கள். 280 பேரின் போன் எண்ணையும் அவரவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கொடுத்த 20,000-க்கு: டொமைனை எந்தப் பதிவு நிறுவனத்தில் வாங்கினார் என்று கேளுங்கள். அதே நிறுவனத்தில் சங்கத்தின் மெயிலில் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். ‘புது டொமைனை 60 நாள் மாற்ற முடியாது’ என்பார். ‘காம்’ போன்ற டொமைனை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத்தான் அந்தத் தடை, ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது பொதுவாக அன்றன்றே முடிகிற வேலை. வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், மாற்றிக் கொடுத்தால் மீதி வேலையைப் பற்றிப் பேசுங்கள். மறுத்தால் அந்தப் பெயரை மறந்துவிட்டு உங்கள் கையால் வேறு பெயர் வாங்குங்கள். இன்னும் யாரும் அதில் எழுதத் தொடங்காததால் இன்றைக்கு இந்த நஷ்டம் 20,000-ஓடு நிற்கும்.