எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்குக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி

தம்பி, அமெரிக்காவுக்கு வந்திருக்கும் உங்கள் மகள் பத்தாம் வகுப்பு, எச்-4 விசா, அதாவது இங்கே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா. கோடை விடுமுறையில் மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சிகளில் சிறுபான்மையினருக்கு முன்னுரிமையாமே, நாமும் இங்கே சிறுபான்மைதானே, விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கார், வாடகை பற்றியெல்லாம் உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதற்கு மட்டும் நான் சொல்கிறேன்.

அப்படி முன்னுரிமை கொடுத்த திட்டங்கள் தேடியது மருத்துவ ஆய்வில் ஆள் குறைவாக உள்ள சமூகங்களை: கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பழங்குடியினர், பசிபிக் தீவினர். எந்த ஆஸ்பத்திரியில் நுழைந்தாலும் ஒரு ரெட்டியோ படேலோ டாக்டராக இருக்கிறார். நாம் அந்தக் கணக்கில் வந்ததில்லை. ‘இங்கேயும் கோட்டாவா’ என்று விருந்துகளில் பொருமும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த முன்னுரிமை போனது தலைமுறை தலைமுறையாகக் கதவடைக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஏழைக் குடும்பமா என்று மட்டும் பார்க்கும் திட்டங்களும் உண்டு. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ‘புராஜெக்ட் சீட்’ அப்படி ஒன்று, 1968 முதல் நடக்கிறது.

உங்களுக்கு உண்மையான தடை விசா. தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சின் பயிற்சி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எட்டு வாரப் பயிற்சி, இரண்டுமே குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பவை. எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யவும் கூடாது. இந்த இடத்தில்தான் ஏஜென்சிக்காரர்கள் வருவார்கள்: சில ஆயிரம் டாலர் கட்டுங்கள், ஆய்வுக் கட்டுரையில் பெயர் போட்டுத் தருகிறோம் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார் என்று நீங்களும் கட்டாதீர்கள். நம்மவர்களின் அந்தப் போட்டிதான் இந்தக் கடைகளை வாழவைக்கிறது.

கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் நின்ற காலத்தில் என் மகன் ஆஸ்பத்திரியில் தொண்டராகச் சேர்ந்தான். சம்பளம் இல்லாத தொண்டு, விசாவுக்குச் சிக்கல் இல்லை. நீல நிற வெஸ்ட் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலி தள்ளுவான், நோயாளிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான். அங்கே பழகிய ஒரு டாக்டர்தான் பிறகு அவனைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார்.

சேரும் முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு ஊரில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால், தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் நோய் இல்லாமலே ‘பாசிட்டிவ்’ வரலாம். என் மகனுக்குக் கை தடித்துச் சிவந்து, எக்ஸ்ரே வரை போய், வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் முதலிலேயே பிசிஜி போட்டதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டை ஊரில் இருந்தால் அம்மாவிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.