விடுதலை ஆனார்கள், சரி. குண்டு வைத்தது யார்?

கேள்வி: மாலேகான் வழக்கில் ஏழு பேரையும் நீதிமன்றமே விடுவித்துவிட்டது. இன்னும் எதற்கு அதையே கிளறிக்கொண்டிருக்கிறீர்கள்? (வாசகர், தென்காசி)

பதில்: நீதிமன்றம் விடுவித்தது முன்னாள் பா.ஜ.க. எம்.பி. பிரக்யா சிங் தாக்கூர் உள்ளிட்ட அந்த ஏழு பேரைத்தான். குண்டே வெடிக்கவில்லை என்று அது சொல்லவில்லை. 2008 செப்டம்பர் 29 இரவு, நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது, மகாராஷ்டிரத்தின் விசைத்தறி ஊரான மாலேகானில், பிக்கு சௌக் என்ற இடத்தில் அது வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி தின்பண்டம் வாங்கப் போன பத்து வயதுச் சிறுமி. வெறும் சந்தேகத்தை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்று 2025 ஜூலை 31 அன்று நீதிபதி சொன்னதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் 17 வருடமாகியும் ஆதாரம் ஏன் தேறவில்லை? முப்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். சில வாக்குமூலங்களின் அசல் தாள்களே காணாமல் போயின. குற்றம்சாட்டப்பட்டவர்களிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி, வழக்கை விசாரித்த தேசியப் புலனாய்வு முகமையின் (என்.ஐ.ஏ.) அதிகாரி ஒருவர் தன்னிடம் சொன்னதாக அரசு வழக்கறிஞர் ரோகிணி சாலியனே 2015-ல் வெளிப்படையாகச் சொன்னார். என்.ஐ.ஏ. மறுத்தது. அத்தோடு சரி.

அதே ஊரில் அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததையும் சொல்கிறேன். 2006 செப்டம்பர் 8, ஷபே பராஅத். இறந்துபோன சொந்தங்களின் கபரில் (கல்லறையில்) நின்று துஆ (பிரார்த்தனை) கேட்கிற நாள், வெள்ளிக்கிழமை வேறு. ஜும்ஆ தொழுகைக்கு வந்த கூட்டத்தின் நடுவே, படா கப்ரஸ்தான் என்ற அடக்கத்தலத்தில் குண்டுகள் வெடித்தன. முப்பது பேருக்கு மேல் பலி. போலீஸ் பிடித்தது யாரை? ஒன்பது முஸ்லிம்களை. ஐந்து வருடம் சிறையில் கிடந்தார்கள். புனித நாளில் சொந்த மக்களையே கொல்ல முடிவெடுத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்று நீதிமன்றம் சொல்லி விடுவிக்க 2016 ஆனது. அதைக் கேட்க ஒன்பது பேரில் ஒருவர் உயிரோடு இல்லை. இதற்கிடையில், 2013-ல், என்.ஐ.ஏ. வேறு நான்கு பேர் மீது குற்றப்பத்திரிகை போட்டிருந்தது. முதலில் ஆளைப் பிடித்துவிட்டு அப்புறம் ஆதாரம் தேடினால், உண்மையில் செய்தவனுக்குத் தப்பிக்க வருடக்கணக்கில் அவகாசம் கிடைக்காதா?

ஹைதராபாத் மெக்கா மசூதியிலும் 2007-ல் வெள்ளித் தொழுகையின்போதுதான் வெடித்தது. 2018-ல் ஐந்து பேர் விடுதலை. அதே வருடம் நடந்த அஜ்மீர் தர்கா குண்டுவெடிப்பு வழக்கில் மட்டும் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இன்னொன்று. 2025 ஜூலையில்தான் 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 12 பேரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஓரிரு நாளில் மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. மாலேகான் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்கள் யார் தெரியுமா? பிள்ளைகளையும் சொந்தங்களையும் பறிகொடுத்த குடும்பத்துக்காரர்கள். ஏன் கிளறுகிறீர்கள் என்று அவர்களிடம் போய்க் கேட்க உங்களுக்கு மனம் வருமா?