ஒட்டுண்ணி புரதம் செய்யத் தொடங்கும்போது: வாசகர் கேள்விகள்

மலேரியா கிருமியும் நம் செல்லும் ஒரே மாதிரிதான் புரதம் செய்கின்றனவா? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

அடிப்படையில் ஆமாம். புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பாதி, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்த டிஆர்என்ஏவோடு, மரபணுவின் செய்தியைக் கொண்டுவரும் தூது ஆர்என்ஏவின் முனையில் ஏறி, ஏயூஜி என்ற மூன்றெழுத்தைத் தேடிக்கொண்டே நகரும். கிடைத்ததும் பெரிய பாதி வந்து சேரும், வேலை ஆரம்பம். எப்படி ஏறுகிறது, எப்போது நிறுத்துகிறது என்பதில்தான் ஒட்டுண்ணிகள் தனி வழி போகின்றன.

லீஷ்மேனியாவின் ‘தொப்பி’ ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? நெட் தேர்வுக்குப் படிக்கிறேன். (பல்கலைநகர்)

நம் தூது ஆர்என்ஏவின் தலையில், மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஏறிய குவானோசின் என்ற எழுத்து ஒன்று தொப்பியாக இருக்கும். இஐஎஃப்4இ என்ற புரதம் அதைப் பிடித்துத்தான் ரைபோசோமை வரவழைக்கிறது. மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணியான லீஷ்மேனியாவிலும் அதன் உறவான டிரிப்பனோசோமாவிலும் தொப்பியை அடுத்த 4 எழுத்துகளிலும் மெத்தில் ஏறியிருக்கும். அங்கே பல மரபணுக்கள் நீளமான ஒரே ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, பிறகு துண்டாகும். ஒவ்வொரு துண்டுக்கும் தொப்பியோடு கூடிய சுமார் 39 எழுத்துத் தலை ஒன்று ஒட்டப்படும். இந்தத் தலை அந்தந்த மரபணுவுக்கு முன்னால் டிஎன்ஏவில் இருக்காது, வேறு இடத்திலிருந்து வருவது. மாணவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது இங்கேதான்.

சரி, எல்லாத் துண்டுக்கும் ஒரே தலை என்றால் எதை எப்போது புரதமாக்குவது? படியெடுப்பைத் தொடங்க மரபணுவுக்கு மரபணு தனி விசை கிடையாது. அதனால் கட்டுப்பாடு பெரும்பாலும் ஆர்என்ஏவின் ஆயுளிலும் புரதத் தொடக்கத்திலும் வந்து விழுகிறது. இஐஎஃப்4இ குடும்பத்தில் நமக்கு 3 பேர், இவற்றுக்கு 6 பேர். மணல் ஈயின் உடலிலிருந்து நம் 37 டிகிரிச் சூட்டுக்கு மாறும் உயிருக்கு இத்தனை பேர் தேவைப்படுவதில் வியப்பில்லை, என் பார்வையில்.

ஜியார்டியாவில் ஏயூஜிக்கு முன்னால் இடமே இல்லையாமே? (மேலூர்)

குடலில் வாழும் இந்த ஒட்டுண்ணியில் பெரும்பாலும் சில எழுத்துகள்தான். தேடி நகர வேண்டிய வேலையே மிச்சம். அப்புறம், ஜியார்டியாவுக்குத் தரும் மருந்தான மெட்ரோனிடசோல் புரதத் தொடக்கத்தைத் தொடுவதில்லை, டிஎன்ஏவைச் சிதைக்கிறது.

மொட்டைமாடித் தொட்டிக் கொசுவிலேயே மலேரியா கிருமி ஏன் அடுத்த நிலைக்கு வளர்ந்துவிடுவதில்லை? (செல்லூர்)

நல்ல கேள்வி. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் கிருமி, ஐகே2 என்ற நொதியால், புரதத் தொடக்கத்துக்கு உதவும் இஐஎஃப்2 என்ற புரதத்தின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, புரதத் தொடக்கத்துக்குப் பிரேக் போட்டு வைக்கிறது. எலி மலேரியாக் கிருமியில் இந்த நொதியை நீக்கிப் பார்த்தார்கள்: கொசுவுக்குள்ளேயே ஈரல் நிலைக்கு உருமாறத் தொடங்கி, தொற்றும் திறனை இழந்தது. காத்திருக்கத் தெரியாத கிருமியால் நமக்கு ஆபத்து குறைவு.

பாக்டீரியா மருந்தான டாக்சிசைக்ளின் மலேரியாவுக்கு எதற்கு? (மருந்தாளுநர், உசிலம்பட்டி)

கிருமிக்குள் ஏபிகோபிளாஸ்ட் என்ற சிறு உறுப்பு உண்டு. அதன் ரைபோசோம் பாக்டீரியா வகை. மருந்து அதை முடக்குகிறது. ஆனால் பாதிப்பு பெரும்பாலும் அடுத்த தலைமுறைக் கிருமிகளில்தான் தெரியும். ஆகவே சிகிச்சையில் வேகமான மருந்து ஒன்றோடு சேர்த்துத்தான் தருவார்கள். தனியாகக் கேட்டு வந்தால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.