6000 போர்ட்டைத் திறந்தாச்சு, திரை ஏன் வரவில்லை?

கேள்வி: அலுவலக லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஒரு வரைபட மென்பொருளை வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பயன்படுத்த வேண்டும். சர்வரின் ஃபயர்வாலில் 6000 போர்ட்டைத் திறந்தும் விண்டோ வரவில்லை. இன்னும் எதைத் திறக்க வேண்டும்?

பதில்: எதையும் திறக்க வேண்டாம், திறந்ததையும் மூடிவிடுங்கள். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் வரையும் எக்ஸ் விண்டோ அமைப்பில், திரையும் கீபோர்டும் எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கேதான் எக்ஸ் சர்வர் ஓடுகிறது. அலுவலகத்தில் ஓடும் உங்கள் மென்பொருள்தான் கிளையண்ட். அது உங்கள் வீட்டுக் கணினியின் 6000 போர்ட்டைத் தேடி வர வேண்டும் (டிஸ்ப்ளே, அதாவது திரையின் எண், 0 என்றால் 6000, 1 என்றால் 6001, இப்படியே ஏறும்). அலுவலகப் பக்கம் 6000-ஐத் திறந்து வைத்து ஒரு பயனும் இல்லை. சரி, வீட்டில் திறக்கலாமா என்றால், அதுவும் கூடாது. எக்ஸ் தகவல் எல்லாம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல்தான் போகிறது, உள்ளே வந்துவிட்ட ஒருவர் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் படிக்கலாம். பரவலாகப் புழங்கும் எக்ஸ் சர்வரான எக்ஸ்.ஆர்க்கின் 1.17 பதிப்பிலிருந்து, நெட்வொர்க் வழியாக வரும் டிசிபி இணைப்புகளை ஏற்பதையே இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

சர்வரில் எஸ்எஸ்ஹெச்சுக்கான (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து நுழையும் வழி) 22 போர்ட் மட்டும் போதும், எக்ஸ் தகவலும் அதற்குள்ளேயே வந்துவிடும். எஸ்எஸ்ஹெச் சேவையின் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் என்ற வரிக்கு 'யெஸ்' கொடுத்து, எக்ஸ் அனுமதிச் சாவியைக் கையாளும் எக்ஸாத் நிரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சேவையை மறுபடி தொடங்குங்கள். வீட்டிலிருந்து பெரிய எக்ஸ் (-X), பெரிய சி (-C) என்ற இரண்டு ஆப்ஷன்களோடு நுழைந்ததும், எந்தத் திரைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியின் மதிப்பைப் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று வந்தால் சரி (லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதே கணினி). அதன் போர்ட் 6010, ஆனால் சர்வருக்கு உள்ளேயே மட்டும் கேட்கும், ஃபயர்வாலுக்கு அதோடு வேலையே இல்லை. பழைய குறிப்பு எதையாவது பார்த்து லாகின் கோப்பில் டிஸ்ப்ளே மதிப்பைக் கையால் எழுதி வைத்திருந்தால் முதலில் அதை அழியுங்கள், பாதிப் பேருக்குச் சிக்கலே அங்கேதான்.

பெரிய சி எதற்கு என்றால், மோடம் தானாகச் செய்யும் வி.42பிஸ் சுருக்கம் மறையாக்கப்பட்ட தகவலிடம் பலிக்காது. மறையாக்குவதற்கு முன்பே எஸ்எஸ்ஹெச் சுருக்கித் தர வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடிதான் இணைகிறேன். ஆனால் ஒரு மெனு விரிவதற்குள் உயிர் போகிறது. வேகமான மோடம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஒரு மெனுவை வரைவதற்கு முன்னால் மென்பொருள் உங்கள் திரையிடம் 'இந்த எழுத்துரு இருக்கா, இந்த நிறம் இருக்கா' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது, மோடத்தில் ஒவ்வொரு போய்வரலுக்கும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும், அப்படி நூறு கேள்வி கேட்டால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1996-இல் எக்ஸின் எக்ஸ்11ஆர்6.3 பதிப்போடு எல்பிஎக்ஸ் என்று, மெதுவான இணைப்புக்கான ஒரு நீட்சியை இதற்காகவே கொண்டு வந்தார்கள். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கீத் பாக்கார்டே பிற்பாடு அளந்து பார்த்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சுருக்கமே போதும் என்று சொல்லிவிட்டார். இந்தப் போய்வரல்களையே குறைப்பது என்எக்ஸ் நுட்பம். எக்ஸ்2கோ என்ற தொலைத்திரை மென்பொருள் அதைத்தான் பயன்படுத்துகிறது, அதற்கும் அதே 22 போர்ட்தான். என் ஓட்டு அதற்கே.

கேள்வி: தொலைக் கணினியின் திரையைப் படமாக அனுப்பும் விஎன்சியை எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (டனல்) வழியாக, என் கணினியின் 5901-லிருந்து சர்வரின் 5901-க்கு இணைத்தேன். நேரடி இணைப்பைவிட இது மெதுவாக இருக்கிறதே?

பதில்: சுரங்கத்தின் மேல் பழி போடாதீர்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று முகவரி கொடுத்ததும், சர்வரும் இதே கணினியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பல விஎன்சி வியூவர்கள் சுருக்காத 'ரா' முறைக்குப் போய்விடும். 800x600 திரை, 16 பிட் நிறம் என்றால் ஒரு முழுத் திரைக்கு 9,60,000 பைட். நொடிக்கு 5,000 பைட் தரும் மோடத்தில் மூன்று நிமிடத்துக்கும் மேல்! வியூவரில் நன்றாகச் சுருக்கும் 'டைட்' முறையை நீங்களே தேர்ந்தெடுங்கள், நிறத்தை 8 பிட்டுக்குக் குறையுங்கள், டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம், விஎன்சி சர்வரை லோக்கல்ஹோஸ்ட் ஆப்ஷனோடு தொடங்கினால் 5901 வெளியே தெரியாது. பழைய விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சர்வரே மொபைல் டாங்கிள் மோடத்தில்தான் இருக்கிறது. எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை.

பதில்: பல மொபைல் இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் டாங்கிள் வரை வந்தே சேராது. சர்வரையே வெளியே கூப்பிட வையுங்கள்: நிலையான முகவரி உள்ள வேறொரு கணினிக்கு அது பெரிய ஆர் (-R) ஆப்ஷனோடு எஸ்எஸ்ஹெச் போட்டு, அங்கே 2222 போர்ட்டுக்கு வருவதைத் தன் 22-க்குத் திருப்பிக்கொள்ளட்டும். நீங்கள் அந்தக் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து 2222-க்குப் போங்கள். எஸ்எஸ்ஹெச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் (எத்தனை நொடிக்கு ஒருமுறை மறுமுனையை விசாரிக்க வேண்டும் என்பது) மதிப்பை 60 என்று வைத்தால் சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்துபோவது குறையும்.