4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: இவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இலக்கத்தைக் கணினி இல்லாமல் சொல்ல முடியுமா?

ப: முடியும். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து, திரும்பவும் 2-க்கு வரும். 136279841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ என்பது 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் கடைசி இலக்கம் 1.

கே: அடுக்கு பகா எண் என்றால் இதுவும் பகா எண்தானே?

ப: அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

கே: 2-இன் (எண் − 1)-ஆம் அடுக்கை அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வந்தால் பகா எண் என்று படித்தேன். அது போதாதா?

ப: நல்ல கேள்வி. இது ஃபெர்மா சோதனை. பகா எண் என்றால் (2-ஐத் தவிர) மீதி 1 வரும். ஆனால் மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று முடிவு கட்டாதீர்கள். அதே 2047-ஐப் பாருங்கள். 2¹¹ = 2048, மீதி 1. 2046 என்பது 11-இன் 186 மடங்கு. எனவே 2²⁰⁴⁶-க்கும் மீதி 1. பகா எண்ணை அடுக்காகக் கொண்ட எந்த மெர்சென் எண்ணும் (2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்), பகா எண்ணாக இல்லாவிட்டாலும், இப்படித் தப்பிவிடும். இங்கே 2-ஐ வைத்துச் சோதிப்பதில் பயனே இல்லை.

கே: (அதே நண்பர்) சரி, 3-ஐ வைத்தால்?

ப: 2047 மாட்டிக்கொள்ளும். ஆனால் 91 = 7 × 13 தப்பிவிடும்: 3⁶ = 729 = 91 × 8 + 1, 90-ஓ 6-இன் மடங்கு. இந்தச் சோதனை சந்தேகத்தை மட்டும்தான் குறைக்கும். நம் எண்ணும் முதலில் டப்ளினில் இருந்த ஒரு கணினியில் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றுதான் வந்தது. மறுநாள் சான் அன்டோனியோவில் லூக்காஸ்–லேமர் சோதனை உறுதி செய்தது. அதுதான் நிரூபணம்.

அந்தச் சோதனையை 127-ஐ (2⁷ − 1) வைத்து நீங்களே செய்து பாருங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். 4, 14, 67, 42, 111, 0. அடுக்கு 7 என்பதால், அதில் இரண்டு குறைத்து, ஐந்து முறை. கடைசியில் பூச்சியம் வந்தால் பகா எண். ஐந்தாவதில் சரியாகப் பூச்சியம், ஏனென்றால் 111² − 2 = 12319 = 127 × 97. எனக்கு இது ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பூட்டும். பெரிய எண்ணுக்கும் இதே வேலைதான், பதின்மூன்றரைக் கோடி முறைக்கு மேல்.

கே: கணினி தப்பு செய்திருந்தால்?

ப: வேறு வேறு மென்பொருளில், வேறு வேறு வன்பொருளில் திரும்பவும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

கே: அடுக்கு பகா எண் என்றால்...

ப: மேலே 2047-ஐப் படியுங்கள். இன்னொன்றும் வேண்டுமானால் 67. 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று 1903-இல் கணிதவியலாளர் கோல் காட்டினார்.

கே: வங்கிக் குறியாக்கத்துக்கு உதவுமா?

ப: உதவாது. அங்கே பகா எண்கள் ரகசியமாக இருக்க வேண்டும். இது உலகத்துக்கே தெரிந்த எண்.

கே: இதைவிடப் பெரிய பகா எண் உண்டா?

ப: முடிவில்லாமல் உண்டு. இதற்கும் இதன் இரு மடங்குக்கும் நடுவிலேயே ஒன்று கட்டாயம் இருக்கும், கணிதவியலாளர் செபிஷேவ் நிரூபித்திருக்கிறார். நம் எண் அறிவிக்கப்பட்டபோது அப்படி ஒன்றைக்கூட யாரும் கண்டெடுத்திருக்கவில்லை.