சீன தேசியம்: அடித்தவனிடமே கற்ற பாடம் (கேள்வி பதில்)

கேள்வி: சார், சீன தேசியத்துக்கு விதை போட்டது அபின் போர்தானே?

பதில்: அப்படிச் சொல்லத் தயங்குவேன். பிரிட்டனிடம் அந்தப் போரில் தோற்றதும், 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் பறிபோனது, ஐந்து துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன. சரி. ஆனால் அன்று அது பெரும்பாலும் சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்தின், அதாவது சிங் அரசவையின் தலைவலிதான். படித்தவர்களை உலுக்கியது 1895. எந்த ஜப்பானைச் சின்னவனாக நினைத்தார்களோ, அதனிடமே தோற்று, தைவானையும் கொடுத்து, 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளியும் தண்டம் அழுதார்கள்.

கேள்வி: அப்புறம் ஏன் மாணவர்கள் ஜப்பானுக்கே படிக்கப் போனார்கள்?

பதில்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. பக்கத்து நாடு, செலவு குறைவு, எழுத்தும் ஓரளவு புரியும், ஆயிரக்கணக்கில் போனார்கள். 1898இல் சிங் அரசைச் சீர்திருத்த எடுத்த முயற்சி கவிழ்ந்ததும், சீர்திருத்தவாதி லியாங் சிச்சாவ் தப்பிப்போய்ப் பத்திரிகை நடத்தியதும் அங்கேதான். ஹவாயிலும் ஹாங்காங்கிலும் படித்த புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் 1905இல் புரட்சிச் சங்கம் தொடங்கியது டோக்கியோவில். மஞ்சு ஆட்சியின் போலீஸ் கை நீளாத இடத்தில் உட்கார்ந்துதானே இதையெல்லாம் பேச முடியும்!

கேள்வி: பாக்ஸர் கலகம்?

பதில்: அது வெளிநாட்டுக் கிறிஸ்தவ மிஷனரிகள் மேல் கிராமத்துக்காரர்களுக்கு இருந்த கோபம்; 1900இல் உச்சத்துக்குப் போனது. தேசியம் என்றால் பாதிதான் ஒப்புவேன். கலகத்தை அடக்கிய வெளிநாடுகளுக்கு 45 கோடி தேல் தண்டம், 39 வருடத் தவணை. அந்தக் கடன்தான் பிறகு நிறையப் பேரைத் தேசியவாதி ஆக்கியது.

கேள்வி: ஐயா, 1919 மே 4 அன்று என்னதான் நடந்தது?

பதில்: சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை, முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சேய் சமாதானப் பேச்சில் ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. சுமார் 3,000 மாணவர்கள் பெய்ஜிங் தியானன்மென்னில் கூடினார்கள். முதலில் எங்கே போனார்கள் தெரியுமா? அமெரிக்கத் தூதரகத்துக்கு, மனு கொடுக்க. சுயநிர்ணய உரிமை பற்றி அமெரிக்க அதிபர் வில்சன் பேசியதை அவ்வளவு நம்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை; தூதர் இல்லை. தூதரகப் பகுதிக்குள் ஊர்வலம் போகவும் விடவில்லை. அந்த ஆத்திரத்தில் திரும்பியவர்கள், ஜப்பான் ஆதரவாளர் என்று பெயரெடுத்த அமைச்சர் சாவ் ரூலின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் ஒளிந்துகொண்டார், விருந்தாளியாக வந்திருந்த, ஜப்பானுக்கான சீனத் தூதர் சாங் சோங்சியாங் செமத்தியாக அடிவாங்கினார். ஜூன் 28 அன்று வெர்சேய் ஒப்பந்தத்தில் சீனப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போடவே இல்லை.

கேள்வி: இதில் இந்தியர்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?

பதில்: சங்கடமான பங்கு. சீனாவுக்குப் போன அபினில் கணிசமான பகுதி பீகார் பக்கத்து வயல்களில் விளைந்தது. 1925 மே 30, ஷாங்காயில் வெளிநாட்டவர் நிர்வகித்த பகுதியின் நான்ஜிங் சாலையில் பிரிட்டிஷ் அதிகாரி உத்தரவிட, ஆர்ப்பாட்டக் கூட்டத்தைச் சுட்ட காவலர்களில் சீக்கியர்கள் இருந்தார்கள். சீனக் காவலர்களும் இருந்தார்கள், அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் கோபத்தில் அடுத்த மாதம் ஹாங்காங்கிலும் குவாங்ஜோவிலும் தொடங்கிய வேலைநிறுத்தம் 1926 அக்டோபர் வரை இழுத்தது.